ஜெர்மனியில் சைவச் சமையல், சேர்ந்து சாப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு அக்டோபரிலும் எங்கள் ஆகன் நகரத்துக்குப் புதுசாக ஒரு கூட்டம் படிக்க வந்து இறங்கும். நவம்பர் பிறந்ததும் என் போனில் கேள்விகள் வர ஆரம்பிக்கும். ஒன்பது வருஷமாக அதே கேள்விகள்தான், கேட்கிற பிள்ளைகள்தான் வேறு. பதில் தட்டச்சு செய்தே விரல் தேய்ந்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவைக்கிறேன். எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது, ஐந்து பேராகச் சேர்ந்து ஆளுக்கு ஒரு நாள் சமைத்துச் சாப்பிடுங்கள் என்பதுதான். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

அக்கா, எனக்கு வெந்நீர் மட்டும்தான் வைக்கத் தெரியும். எதிலேர்ந்து ஆரம்பிக்கிறது?

மைசூர்ப் பருப்பிலிருந்து. இங்கே எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் "ரோட்டே லின்சன்" என்ற பெயரில் ஆரஞ்சு நிறத்தில் அரை கிலோ பாக்கெட்டாகக் கிடைக்கும். ஊறவைக்க வேண்டாம், குக்கரும் வேண்டாம். துவரம்பருப்பில் வைத்தால்தான் சாம்பார் என்று நானும் முதல் ஆறு மாதம் வீம்பு பிடித்தேன். இலங்கைத் தமிழர் கடைக்குப் பருப்பு தேடிப் போனபோது, கடைக்கார அண்ணர் "எங்கட வீட்டில பருப்பு எண்டால் இதுதான் பிள்ளை" என்று இதைத்தான் எடுத்துக் கொடுத்தார். அன்றோடு வீம்பு போயிற்று.

ஐந்து பேருக்குப் பாதிப் பாக்கெட் போதும். தண்ணீர் தெளியும்வரை கழுவி, ஒன்றேகால் லிட்டர் தண்ணீரும் மஞ்சள்தூளும் சேர்த்துத் திறந்த பாத்திரத்தில் வேகவிடுங்கள். பொங்கி வழியப் பார்க்கும். நுரையைக் கரண்டியால் வழித்துவிடுங்கள். கேரட், பீன்ஸ் எல்லாம் இதிலேயே கூட வேகட்டும். கால் மணி நேரத்தில் பருப்பு கரைந்துவிடும். அதற்குப் பிறகுதான் தக்காளியும் புளியும் சேர வேண்டும். புளிப்பு முந்திக்கொண்டால் பருப்பு எவ்வளவு நேரமானாலும் விதைவிதையாகவே நிற்கும். சாம்பார்பொடி இரண்டு மேசைக்கரண்டி, உப்பு, இன்னொரு பத்து நிமிடக் கொதி, கடைசியில் தாளிப்பு. இங்கே பல ஊர்களில் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். அங்கெல்லாம் பருப்பு வேக ஐந்து நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும். பதறாதீர்கள்.

ஊர்லேர்ந்து என்னென்ன எடுத்துட்டு வரணும்? அம்மா நெய் டப்பாவைப் பெட்டியில வச்சுட்டாங்க.

நெய்யை அம்மாவிடமே திருப்பிக் கொடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் இறைச்சியையும் பால் பொருட்களையும் பயணப் பெட்டியில் கொண்டுவரக் கூடாது. நெய், பனீர், பால்கோவா எல்லாம் அதில் அடக்கம். சுங்கத்தில் பார்த்தால் எடுத்துக் குப்பையில் போடுவார்கள். இங்கே வெண்ணெய் நன்றாகவே இருக்கும். உப்பில்லாத கால் கிலோ கட்டியை உருக்கினால் இருபது நிமிடத்தில் நெய்.

பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. 2019 டிசம்பர் 14 முதல் ஏறக்குறைய எல்லாப் பச்சைக் காய், கனி, இலைகளுக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்கிறார்கள். அன்னாசி, தேங்காய், டுரியன், வாழைப்பழம், பேரீச்சை இந்த ஐந்துக்கு மட்டும் விலக்கு. நிழலில் காயவைத்துப் பொடித்த கறிவேப்பிலைப் பொடியாகக் கொண்டுவாருங்கள்.

மற்றபடி வீட்டுச் சாம்பார்பொடி, ரசப்பொடி, கூட்டுப் பெருங்காயம், அடிப்பாகம் தட்டையான எவர்சில்வர் குக்கர். இவ்வளவுதான். குழிவான கடாய் இங்குள்ள கண்ணாடி அடுப்பில் உட்காராது. இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் அலுமினியப் பாத்திரம் சூடே ஏறாது. அடியில் காந்தம் ஒட்டினால் மட்டும் பெட்டியில் வையுங்கள். மிக்ஸி கொண்டுவரலாம். இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக் மட்டும் நுழையாது, அடாப்டர் வேண்டும். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரையும் ஞாயிறு முழுக்கவும் அமைதி நேரம், அதற்குள் மிக்ஸி ஓட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

சீரகம்னு போட்டிருந்ததை வாங்கி ரசம் வச்சேன். பேக்கரி ரொட்டி வாசனை வருது. ஏன்?

வாங்கியது சீரகம் இல்லை, அதனால்தான். "க்யூமல்" என்பது இந்த ஊர்க்காரர்கள் ரொட்டியிலும் முட்டைக்கோஸிலும் போடும் கேரவே விதை. பார்க்கச் சீரகத்துக்குக் கூடப்பிறந்தது போல இருக்கும், வாசனை வேறு. நம் சீரகத்துக்கு "க்ரொய்ட்ஸ்க்யூமல்" என்று பெயர். அந்த முதல் பாதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வருஷத்துக்கு நான்கு பேராவது இதில் விழுகிறார்கள். மொழிபெயர்ப்புச் செயலியை நம்பி நானும் விழுந்திருக்கிறேன்.

இதே ரகத்தில் இன்னும் இரண்டு குழி உண்டு. ஆசியக் கடையில் இருக்கும் கருஞ்சிவப்பு எள்ளெண்ணெய் நம் நல்லெண்ணெய் இல்லை. எள்ளை வறுத்துப் பிழிந்தது, ஒரு சொட்டே ஊரைக் கூட்டும். அதில் புளிக்காய்ச்சல் செய்தவன் பானையோடு கொட்டினான். ரவைக்கு "ஹார்ட்வைட்சன்" என்று போட்ட பாக்கெட்டை எடுங்கள். "வைச்வைட்சன்" கஞ்சிக்கு நல்லது, உப்புமா களியாகிவிடும்.

நம்ம ஊர்க் காய் ஒண்ணுமே இல்லையே, பொரியலுக்கு என்ன பண்றது?

இருக்கிறது, பெயர்தான் வேறு. ஜெர்மானியர்கள் உயிராக நினைக்கும் கோல்ராபி வேறொன்றும் இல்லை, நம் நூல்கோல். இவர்கள் பச்சையாகவே கடிப்பார்கள். நாம் கூட்டு வைப்போம். ஹொக்கைடோ என்ற சின்ன ஆரஞ்சுப் பூசணி இலையுதிர் காலம் முழுக்கக் கிடைக்கும், தோலோடு வெட்டி எரிசேரிக்குப் போடலாம். பீர்க்கங்காய், சுரைக்காய் கேட்கிற இடத்தில் சுக்கினி. உறைந்த கீரை, உறைந்த பீன்ஸ் பாக்கெட்டில் பாதி வேலை முடிந்தே வரும். பீட்ரூட்டை வேகவைத்துத் தோலுரித்து உறையில் அடைத்தே விற்கிறார்கள். அதில் பொரியல் பத்து நிமிட வேலை.

பொங்கலுக்கும் தயிர்சாதத்துக்கும் பாஸ்மதி சரிவராது, உதிரி உதிரியாக நின்று மானத்தை வாங்கும். "மில்ஷ்ரைஸ்" என்று பாயசம் மாதிரி ஒரு இனிப்புக்கு விற்கும் குண்டு அரிசியை வாங்குங்கள், குழைந்து கொடுக்கும்.

ஆளுக்கு ஒரு நாள் சமைக்கச் சொல்றீங்க. அது நடக்குமா, நாலு நாள்ல சண்டை வராதா?

தனியாகச் சமைத்தால் மட்டும் நடக்கிறதா? முதல் மாதம் உற்சாகமாகச் சாம்பார், ரசம், பொரியல். இரண்டாம் மாதம் சாம்பார் மட்டும். தேர்வு வந்ததும் ரொட்டியும் ஜாமும். ஒருவருக்குச் சமைக்கவும் ஐவருக்குச் சமைக்கவும் வெட்டுகிற வெங்காயத்தில்தான் வித்தியாசம். அடுப்படியில் நிற்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். ஐந்து பேர் சேர்ந்தால் வாரநாட்களில் ஒரு நாள் சமையல், நான்கு நாள் சூடான சாப்பாடு. பசியோடு ஏழரை மணிக்கு நான்கு பேர் வருவார்கள் என்று தெரிந்தால் எவ்வளவு சோம்பேறியும் அரிசியைக் களைந்துவிடுவான். சமையல் தெரிவதை விட இதுதான் முக்கியம் என்பது என் அனுபவம்.

சண்டை காசில்தான் வரும். அதனால் தலைக்கணக்கு வைக்காதீர்கள், தட்டுக்கணக்கு வையுங்கள். வாங்கியவர் ரசீதைப் படமெடுத்துக் குழுவில் போட வேண்டும். ராத்திரி சாப்பிட்டவர்கள் காலண்டரில் ஒரு கோடு. மாதக் கடைசியில் மொத்தச் செலவு 210 யூரோ, மொத்தத் தட்டு 84 என்றால் தட்டுக்கு இரண்டரை யூரோ. பதினைந்து தட்டு சாப்பிட்டவர் முப்பத்தேழரை கொடுப்பார். ஊருக்குப் போனவர், காதலியோடு வெளியே சாப்பிட்டவர் யாரும் முணுமுணுக்க வழியில்லை. வராவிட்டால் மதியம் மூன்று மணிக்குள் சொல்லிவிட வேண்டும்; சொல்லாமல் விட்டால் தட்டு கணக்கில் ஏறும்.

இன்னொன்று, கடைகள் ஞாயிறு அடைப்பு. திங்கள்கிழமைக்காரர் சனிக்கிழமையே காய் வாங்கியிருக்க வேண்டும்.

எங்க குழுவுல ஒருத்தன் சமைக்கவே மாட்டேங்குறான். வெளியே தள்ளிடலாமா?

பாத்திரம் கழுவுவானா? அப்படியென்றால் அவனைத் தங்கம் போல வைத்துக்கொள்ளுங்கள். சமைக்க ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர், எண்ணெய்ச் சட்டியைத் தேய்க்கிறவர் அபூர்வம்.

இரண்டும் செய்யாதவன் என்றால் நான் என்ன சொல்ல.

"வெஜிடேரியன்"னு தெளிவா சொன்னேன். முட்டை போட்டுக் கொண்டு வந்து வச்சுட்டாங்க.

இந்த ஊர்க்காரர்கள் அகராதியில் முட்டை சைவம்தான். "மீன் சாப்பிடுவீர்கள்தானே?" என்று கேட்பவரும் உண்டு, குத்தலாகக் கேட்பதில்லை, உண்மையிலேயே சந்தேகம். "வெகெட்டாரிஷ், ஓனே ஐ" என்று சொல்லப் பழகுங்கள். முட்டையில்லாத சைவம் என்று பொருள். வெளியே சாப்பிடும்போது இதைவிடச் சுலபம் "வீகான்" என்று சொல்லிவிடுவது. பாலும் போய்விடும், ஆனால் சந்தேகமும் போய்விடும்.

பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தா வாங்கலாம்தானே?

கூடவே கூடாது! இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். நம் ஊர்ப் பாக்கெட்டில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி என்றால் சைவம். இங்கே வட்டத்துக்குள் இரண்டு அம்பு சுழலும் ஒரு பச்சைச் சின்னம் இருக்கிறது, அதற்குப் பெயரே "பச்சைப் புள்ளி"தான். அது பொதியுறையின் மறுசுழற்சி ஏற்பாட்டுக்கான சின்னம். பன்றித் தொத்திறைச்சிப் பாக்கெட்டிலும் இருக்கும். நீங்கள் தேட வேண்டியது மஞ்சள் வட்டத்தில் இலை முளைத்த வி எழுத்து. அடியில் வெஜிடேரியன் அல்லது வீகான் என்று எழுதியிருக்கும்.

அந்தச் சின்னம் இல்லாதபோது பின்பக்கம் படிக்க வேண்டியதுதான். "கெலட்டீன்" மாட்டுத் தோல், பன்றித் தோல், எலும்பு சமாச்சாரம்; ஜெல்லி மிட்டாய் பலவற்றில் இருக்கும், சில பழத் தயிர் வகைகளிலும் உண்டு. "ஷ்மால்ட்ஸ்" பன்றிக் கொழுப்பு. "ஈ 120" பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயம். தாய்லாந்து கறிக் குழம்பு விழுதைப் பார்த்து ஏமாறாதீர்கள், பலவற்றில் இறால் அரைத்திருக்கும்.

பாலாடைக்கட்டி கொஞ்சம் சிக்கல். பாலைத் திரிக்கப் போடும் "லாப்" கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்தும் வரலாம், நுண்ணுயிரியிலிருந்தும் வரலாம். எது என்று எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. "மிக்ரோபியெல்லஸ் லாப்" என்று எழுதியிருந்தால் கவலையில்லை. இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோவில் எப்போதும் கன்றின் லாப்தான். அந்தப் பெயரை வைக்க விதியே அதுதான். இதற்கு மேல் எவ்வளவு தூரம் போவது என்பது உங்கள் மனசு. நான் பீட்சாக்காரரிடம் விசாரணை நடத்துவதை நிறுத்திவிட்டேன், வீட்டுக்கு வாங்கும்போது மட்டும் பார்ப்பேன்.

ரூம்மேட் அதே சட்டியில் இறைச்சி பொரிக்கிறான். என்ன சொல்றது?

வந்த முதல் வாரத்திலேயே சொல்லுங்கள், மூன்று மாதம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பிறகு வெடிக்காதீர்கள். ஒரு சட்டி, ஒரு வெட்டுப்பலகை, ஒரு கரண்டி உங்களுடையது என்று பிரித்து, பிடியில் கலர் நாடா சுற்றிவிடுங்கள். "இதில் மட்டும் வேண்டாம்" என்றால் இங்கே புரிந்துகொள்வார்கள். ஃபிரிட்ஜில் மேல்தட்டைக் கேட்டு வாங்குங்கள், மேலிருந்து எதுவும் சொட்டாது.

தாளிச்சா ஃபயர் அலாரம் அடிக்குது!

மிளகாயைக் கருக விட்டிருப்பீர்கள். கண்ணாடி அடுப்பு மெதுவாகச் சூடேறும், அணைத்த பிறகும் சூடு போகாது. கடுகு வெகுநேரம் சும்மா கிடக்கும், பிறகு ஒரே நொடியில் எல்லாம் வெடித்துக் கருகும். முதல் கடுகு வெடித்ததுமே சட்டியைத் தூக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு அதன் பிறகு மிளகாய், பெருங்காயம் போடுங்கள். எண்ணெயில் இருக்கும் சூடே போதும்.

அடுப்படிக் கதவைச் சாத்துங்கள், ஜன்னலை முழுக்கத் திறங்கள். பலர் கதவைத் திறந்து புகையை நடைவழிக்கு அனுப்புகிறார்கள். கருவி இருப்பதே அங்கேதான். விடுதிகளில் அலாரம் நேரே தீயணைப்பு நிலையத்தோடு இணைந்திருந்தால் வண்டியே வந்துவிடும், செலவு உங்கள் தலையில் விழலாம். கருவியைத் துணியால் மூடும் யோசனை வேண்டவே வேண்டாம். வாசனைப் புகாருக்கும் மருந்து ஜன்னல்தான்: சமைத்து முடித்ததும் பத்து நிமிடம் எல்லா ஜன்னல்களையும் விரியத் திறந்து காற்றை மாற்றுவது. குளிர்காலத்திலும்கூட. இந்த ஊர்க்காரர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

இட்லி மாவு ரெண்டு நாளாப் பொங்கல. என் கைராசியா?

ராசியெல்லாம் இல்லை, குளிர். ஜனவரியில் அடுப்படி 18 டிகிரி இருந்தால் அதிகம். மாவை ஓவனுக்குள் வைத்து, ஓவனைப் போடாமல் உள்விளக்கை மட்டும் எரியவிடுங்கள். அந்தச் சின்ன பல்பின் சூட்டில் பன்னிரண்டு முதல் பதினாறு மணி நேரத்தில் பொங்கிவிடும். எல்இடி விளக்கு என்றால் சூடு வராது; வெந்நீர்ப் பாத்திரம் ஒன்றைக் கூட வைத்து இடையில் ஒருமுறை மாற்றுங்கள்.

ஓவன் கதவில் "உள்ளே மாவு, போடாதே" என்று சீட்டு ஒட்டுவது கட்டாயம். நான் ஒட்டவில்லை. வீட்டுத்தோழி பீட்சாவுக்காக ஓவனை 220 டிகிரிக்கு முடுக்கிவிட்டுக் குளிக்கப் போனாள். பிளாஸ்டிக் வாளி உருகி, மாவு கம்பித்தட்டு வழியாக வழிந்து, பாதி இட்லி பாதி பொம்மை மாதிரி ஒன்று கிடைத்தது. அதற்குப் பிறகு எவர்சில்வர் பாத்திரம்தான்.

ஞாயிற்றுக்கிழமை மொத்தமாச் சமைச்சா எத்தனை நாள் தாங்கும்?

சாம்பார், கூட்டு ஃபிரிட்ஜில் மூன்று நாள். உறையவைப்பதாக இருந்தால் உருளைக்கிழங்கு போடாதீர்கள், மாவுமாவாகிவிடும். ரசம் அழகாக உறையும். தயிர் சேர்த்த மோர்க்குழம்பு உருகும்போது திரிந்துபோகும்.

சோற்றில் மட்டும் கவனம். வேகவைத்தாலும் சாகாத பாக்டீரியா வித்துகள் அரிசியில் இருக்கும். இளஞ்சூட்டில் கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ராத்திரி முழுக்கச் சோற்றை அடுப்பு மேலேயே விடாமல் ஒரு மணி நேரத்துக்குள் பரப்பி ஆறவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள், மறுநாள் முடித்துவிடுங்கள். ராஜ்மா செய்கிறவர்களுக்கு ஒரு சொல்: ஊறிய பயறு குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும். மெதுவாக வேகவைக்கும் மின்பானையில் நேராகப் போட்டால் வயிறு கலங்கிவிடும். டப்பா ராஜ்மா வெந்தே வருவது, பயமில்லை.

டிபார்ட்மெண்டுல எல்லாருக்கும் சாம்பார் கொண்டு போகப் போறேன். "குளூட்டன் இல்லை"ன்னு எழுதலாமா? அரிசியும் பருப்பும்தானே?

பெருங்காயத்தை மறந்துவிட்டீர்கள். கூட்டுப் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் உள்ளவருக்கு அந்தச் சிட்டிகையும் ஆகாது. அவர்களுக்குத் தனியாக வேண்டும் என்றால் பெருங்காயத்தை விட்டுவிட்டுப் பூண்டு தட்டிப் போடுங்கள்.

ஐரோப்பிய விதிப்படி உணவுப் பொருளில் எடுத்துக் காட்ட வேண்டிய ஒவ்வாமைப் பொருட்கள் 14. கடுகும் எள்ளும் அந்தப் பட்டியலில் உண்டு. நாம் எண்ணிப் பார்க்காமலே தாளிக்கிறோம், நல்லெண்ணெய் ஊற்றுகிறோம். முந்திரி, வேர்க்கடலை, பால் எல்லாமும் உண்டு. வீட்டுச் சாப்பாட்டைப் பகிர்வதற்குச் சட்டப்படி லேபிள் வேண்டாம்தான், ஆனாலும் பாத்திரத்துக்கு முன்னால் என்னென்ன போட்டேன் என்று ஒரு சீட்டு வையுங்கள். காரம் வீட்டில் போடுவதில் மூன்றில் ஒரு பங்கு போதும். "காரமே இல்லை" என்று சத்தியம் செய்யாதீர்கள், உங்கள் நாக்கு சாட்சிக்கு ஆகாது.

பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் கேசரி கொடுத்தேன். டப்பாவில் கேக் வச்சுத் திருப்பித் தந்தாங்க. முட்டை இருக்குமே, என்ன செய்ய?

பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்று நம் வீட்டில் சொல்வார்கள், அந்தப் பாட்டிக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள் பாருங்கள். வாங்கிக்கொள்ளுங்கள், நன்றி சொல்லுங்கள், முட்டை சாப்பிடும் நண்பருக்குக் கொடுங்கள். அடுத்த முறை பேச்சோடு பேச்சாக, "ஓனே ஐ" கேள்வியில் சொன்ன வாக்கியத்தைச் சொல்லுங்கள். நான் அப்படிச் சொன்ன பிறகு என் பக்கத்து வீட்டம்மா தன் தோட்டத்து ருபார்ப் தண்டுகளைக் கொண்டுவந்தார். நல்ல புளிப்பு, பருப்போடு சேர்த்துக் கடைந்தால் புளிச்சகீரை நினைவு வரும். இலை நஞ்சு, தண்டு மட்டும்தான்.

நல்லாச் சமைக்கிறேன்னு சொல்றாங்க. மாசம் காசு வாங்கிட்டு டப்பா சாப்பாடு கொடுக்கலாமா?

செலவைப் பங்கு போடுவது வேறு, விற்பது வேறு. விற்பதென்றால் தொழிலைப் பதிய வேண்டும், தொற்றுத் தடுப்புச் சட்டத்தின் 43ஆம் பிரிவுப்படி சுகாதாரத் துறையின் அறிவுறுத்தல் வகுப்பில் உட்கார்ந்து சான்று வாங்க வேண்டும், சமையலறைக்கும் விதிகள் உண்டு. மாணவர் விசாவில் இருப்பவர் சுயதொழில் செய்ய வெளிநாட்டவர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை என்ற சலுகை சம்பள வேலைக்குத்தான். தட்டுக்கணக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தேர்வு வாரம். யாரும் சமைக்கல. என்ன சாப்பிடுறது?

பல்கலைக்கழக உணவகமான மென்சாவில் சைவத் தட்டு இருக்கும். பல மாணவர் நகரங்களில் "க்யூஃபா", அதாவது எல்லோருக்குமான சமையல் என்று தன்னார்வலர்கள் வாரத்தில் ஒரு மாலை சமைப்பார்கள். பெரும்பாலும் வீகான், முடிந்த காசை உண்டியலில் போடலாம். வெங்காயம் நறுக்கக் கை கொடுத்தால் நான்கு ஜெர்மன் வார்த்தையும் கூடக் கிடைக்கும். கொலோன், ஃபிராங்க்ஃபர்ட் பக்கம் இருப்பவர்களுக்குக் சீக்கியர் கோயிலான குருத்வாரா உண்டு, அங்கே எல்லோருக்கும் இலவசமாகப் போடும் லங்கர் சாப்பாடு எப்போதும் சைவம். ஹாம் நகரில் இலங்கைத் தமிழர்கள் எழுப்பி 2002இல் குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. கோடையில் தேர்த் திருவிழா, ஒருமுறையாவது போய்வாருங்கள்.

படிப்பு முடிஞ்சு வேற ஊருக்குப் போறேன். குக்கர், இட்லித் தட்டு எல்லாத்தையும் என்ன பண்ண?

விற்காதீர்கள், அக்டோபரில் வருகிறவர்களுக்கு விட்டுவிட்டுப் போங்கள். எங்கள் குழுவில் இருக்கும் ஐந்து லிட்டர் குக்கர் ஏழு கை மாறி வந்தது, முதலில் கொண்டுவந்தவர் யார் என்றே யாருக்கும் தெரியாது. கேஸ்கட் மட்டும் இங்கே கிடைப்பது கஷ்டம். வரப்போகிற பிள்ளையிடம் கம்பெனிப் பெயரும் லிட்டர் அளவும் எழுதி அனுப்பி, இரண்டாக வாங்கிவரச் சொல்லுங்கள்.